நூறு கோடி டாலரும் 175 ஓட்டும்: ப்ளூம்பெர்க் 2020, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 3. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய ஒரே நாளில் 14 மாநிலங்களில் ஓட்டுப்பதிவு. சூப்பர் டியூஸ்டே என்பார்கள். அன்று போட்டியில் இருந்த பெரும் பணக்காரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் முதலிடம் பிடித்தது ஒரே ஓர் இடத்தில். அது அந்த 14 மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் அமெரிக்கன் சமோவா. அங்கே பதிவான ஓட்டு மொத்தமே 351. அவருக்கு விழுந்தது 175. அந்தத் தீவுக்காரர்களுக்கு நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் ஓட்டே கிடையாது என்பது தனிக்கதை.

மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். அதுவரை சொந்தப் பணத்திலிருந்து அவர் செலவழித்தது 100 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும்.

சேலத்தில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு மார்க்கெட்டிங் நடத்துகிற எனக்கு, விளம்பரம் பற்றிய பாடத்துக்கு இவ்வளவு சுத்தமான நிகழ்வு வேறு கிடைத்ததில்லை. ஒரு பொருள் விற்காமல் போனால் பொதுவாகக் காரணங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். பணம் போதவில்லையா, பொருள் சரியில்லையா, கடைக்குச் சரக்கு போய்ச் சேரவில்லையா என்று பிரிக்கவே முடியாது. இங்கே பணம் போதவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. அந்த ஒரு காரணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

என் வகுப்பில் பாதிப் பேர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் ரோட்டில் சேகோ ஃபேக்டரி, அம்மாப்பேட்டையில் தறி. அவர்களுடைய முதல் பதில் வருடா வருடம் ஒன்றுதான்: "காசு இல்லாம எலெக்‌ஷன்ல நிக்கவே முடியாது மேம்." சரிதான். ஆனால் நான் கேட்பது நிற்பதைப் பற்றி இல்லையே.

ஆள் யார்

ப்ளூம்பெர்க் வெறும் பணக்காரர் அல்ல. நியூயார்க் மேயராக 2002 முதல் 2013 வரை மூன்று தடவை இருந்தவர். நிதிச் சந்தைத் தகவல்களை விற்கும் நிறுவனத்தைத் தானே கட்டி எழுப்பியவர். 2020இல் அவர் சொத்து ஏறக்குறைய 6,000 கோடி டாலர். அப்படியானால் தேர்தலில் போனது அதில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கோடி ரூபாய் சொத்து உள்ளவர் ஒன்றரை லட்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்த மாதிரி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், "இவ்வளவு பணத்தை ஒரு மனுஷன் ஏன் தொலைக்கணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பின் பெஞ்சு அமைதியானது.

பணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் அவருக்கு 2009லேயே கிடைத்திருந்தது. இரண்டு தடவைக்கு மேல் மேயராக இருக்கக் கூடாது என்ற விதியை நகரசபை மூலம் முந்தின வருடம் மாற்ற வைத்துவிட்டு மூன்றாவது தடவை நின்றார். செலவு 10 கோடி டாலருக்கு மேல். எதிரில் நின்ற பில் தாம்சனிடம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊதித் தள்ளிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பித்தார். விதியை மாற்றியதில் ஜனங்களுக்கு இருந்த கோபத்தை விளம்பரம் கரைக்கவில்லை. ஜெயித்துவிட்டதால் அதை யாரும் உட்கார்ந்து ஆராயவில்லை போலிருக்கிறது. தோற்ற தேர்தலை அலசுகிற அளவுக்கு, தட்டுத் தடுமாறி ஜெயித்த தேர்தலை எந்தக் கட்சியும் அலசுவதில்லை.

பணம் வேலை செய்த மூன்று மாதம்

2019 மார்ச்சில் நிற்க மாட்டேன் என்று சொன்னவர், நவம்பர் 24ஆம் தேதி நிற்கிறேன் என்றார். முதலில் ஓட்டுப் போடும் நான்கு மாநிலங்களையும், அதாவது அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினாவை அப்படியே விட்டுவிட்டு, நேராக சூப்பர் டியூஸ்டேயில் இறங்குவது திட்டம். அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தலைமை அறிவித்துவிட முடியாது. மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் ஓட்டெடுப்பு நடக்கும். விழும் ஓட்டுக்குத் தக்கபடி கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். அந்த வருடம் ஜெயிக்க 1,991 பிரதிநிதிகள் வேண்டும். ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு அங்கே ஒன்றும் கிடையாது. நம்மூரில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போவதோடு சரி. அங்கே போட்ட ஓட்டே கணக்கில் வராமல் போய்விடும்.

டி.வி.யைத் திறந்தால் ப்ளூம்பெர்க். ஃபோனைத் திறந்தால் ப்ளூம்பெர்க். பிப்ரவரி 2ஆம் தேதி நடந்த சூப்பர் பவுல் எனும் அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டியின் நடுவே ஒரு நிமிட விளம்பரம். அந்த ஒரு நிமிடத்துக்கே ஒரு கோடி டாலர் அளவுக்கு ஆனது. இன்ஸ்டாகிராமில் மீம் போடுகிறவர்களுக்குக்கூடக் காசு கொடுத்துத் தன்னைப் பற்றிப் போட வைத்தார்.

இந்த நிகழ்வை மேலோட்டமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் பணம் வீணாகப் போகவில்லை. ஒரு விவாத மேடையிலும் ஏறாமல், ஓர் ஓட்டெடுப்பிலும் நிற்காமல், பிப்ரவரி நடுவில் தேசியக் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதத்தைத் தொட்டார். வேறு வழியில் யாராலும் அதைச் சாதித்திருக்க முடியாது. 'பணத்தால் ஓட்டு வாங்க முடியாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். ஒருவரை ஊருக்குத் தெரிய வைப்பதில் பணத்துக்கு ஈடு இல்லை. தெரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

லாஸ் வேகாஸ்

விவாத மேடை ஏற வேண்டுமானால் இத்தனை பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்று கட்சியில் ஒரு விதி இருந்தது. ப்ளூம்பெர்க் யாரிடமும் ஒரு டாலர் வாங்கவில்லை. ஜனவரி கடைசியில் கட்சி அந்த விதியை எடுத்துவிட்டது. பணக்காரருக்காக வேலியைப் பிரிக்கிறார்கள் என்று மற்றவர்கள் கத்தினார்கள். பார்க்கப் போனால் அவருக்கு நடந்த பெரிய கெடுதலே அந்த வேலி பிரிந்ததுதான்.

பிப்ரவரி 19, லாஸ் வேகாஸ். ஏறக்குறைய 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவரை நடந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் விவாதங்களில் அதிகம் பேர் பார்த்தது அது. எடுத்த எடுப்பில் சக போட்டியாளர் எலிசபெத் வாரன் பிடித்துக்கொண்டார். ப்ளூம்பெர்க்கின் நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்கள் சிலர் புகார் கொடுத்து, பிறகு வெளியே பேசக் கூடாது என்று ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பீர்களா என்று வாரன் மேடையிலேயே கேட்டார். ப்ளூம்பெர்க் சொன்ன பதிலில் ஒரு பகுதி, நான் சொன்ன ஏதாவது ஒரு ஜோக் அவர்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம் என்பது. கூட்டத்திலிருந்து எழுந்த முனகல் ஒளிபரப்பில் நன்றாகவே கேட்கிறது.

இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. அவர் மேயராக இருந்தபோது நியூயார்க் போலீஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போட்டது. அதில் பெரும்பாலும் மாட்டியது கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பல வருடம் அதற்கு வக்காலத்து வாங்கிவிட்டு, போட்டியில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ப்ரூக்ளின் தேவாலயம் ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தேதியே அவருக்கு எதிராகப் பேசியது.

விவாதத்துக்கு இரண்டு நாள் கழித்து, மூன்று பெண்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கத் தயார் என்றார். அதற்குள் அந்த வீடியோத் துண்டுகள் ஊரைச் சுற்றி முடித்திருந்தன.

நான் வகுப்பில் கேட்பது இது: மூன்று மாத விளம்பரம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த விவாதம் இவ்வளவு அடி கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது. யாரென்றே தெரியாத ஒருவர் மேடையில் திணறினால் யாருக்கும் அது செய்தி இல்லை. விளம்பரத்தில் வந்தவர் திறமையான, சலனமில்லாத நிர்வாகி. நேரில் வந்தவர் எரிச்சல்பட்டுக் கண்ணை உருட்டுகிற ஒரு முதலாளி. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்க்கத்தான் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது அவர் பணம்.

யாரை நம்பி இறங்கினார்

அதோடு கதை முடியவில்லை. விவாதத்தில் சொதப்பியவர்கள் பிறகு ஜெயித்ததும் உண்டு. அவரை முடித்தது வேறு, அதில் அவர் பங்கு எதுவுமே இல்லை.

ப்ளூம்பெர்க் இறங்கியதே ஜோ பைடன் கவிழ்ந்துவிடுவார் என்ற கணக்கில். பைடனின் பிரசாரம் நொண்டிக்கொண்டிருந்தது. 2019 முடியும்போது கையிருப்பு ஒரு கோடி டாலர்கூட இல்லை. அயோவாவில் நான்காவது இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. இடதுசாரியான பெர்னி சாண்டர்ஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுநிலை ஓட்டுக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்பது ப்ளூம்பெர்க்கின் வாதம். அதில் தப்பே இல்லை, பைடன் கவிழ்ந்திருந்தால்.

பிப்ரவரி 26ஆம் தேதி தென் கரோலினாவின் கறுப்பின மக்களிடம் பெரும் மதிப்புள்ள எம்.பி. ஜிம் க்ளைபர்ன் தன் ஆதரவு பைடனுக்கு என்றார். 29ஆம் தேதி அங்கே பைடன் ஏறக்குறைய பாதி ஓட்டை அள்ளினார். அடுத்த இரண்டு நாளில் பீட் புட்டிஜெஜும் ஏமி க்ளோபுச்சாரும் விலகிக்கொண்டு பைடன் பக்கம் வந்தார்கள். மார்ச் 3 அன்று 14இல் 10 மாநிலம் பைடனுக்கு. மினசோட்டா, மாசசூசெட்ஸ் மாதிரி அவர் பிரசாரமே பண்ணாத இடங்களும் அதில் உண்டு. எல்லாம் ஒரு வாரத்துக்குள். க்ளைபர்ன் பேசியதற்கு ஒரு காசு செலவில்லை.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மனதில் அந்த வருடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ட்ரம்ப்பை யார் தோற்கடிப்பார்? ப்ளூம்பெர்க் விளம்பரங்கள் மறுபடி மறுபடி கேட்டதும் இதைத்தான். என் கருத்தில் அவர் செய்த பெரிய செலவு அந்தக் கேள்வியைப் பெரிதாக்கியதுதான். அதற்குப் பதிலாக ஜனங்கள் பைடனைப் பிடித்துக்கொண்டதும், அவர் செலவழித்த விளம்பரத்தின் பலனில் ஒரு பகுதி பைடன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. இதை நிரூபிக்க என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் அந்த விளம்பரங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கும் இப்படித்தான் தோன்றும்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணன்

இந்த நிகழ்வை எடுக்கும்போது, செவ்வாய்ப்பேட்டையில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கும் ஓர் அண்ணனை வகுப்புக்குக் கூப்பிடுவது வழக்கம். எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர். தேர்தல் நோட்டீஸில் அச்சடிப்பவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் போட வேண்டும், எத்தனை பிரதி என்பதை அதிகாரிகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் யார் எவ்வளவு அடித்தார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அமெரிக்கக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "நோட்டீஸ எடுத்துட்டுப் போக வந்தது யாருங்க மேடம்?"

விளங்காமல் முழித்தோம். அவரே சொன்னார்: "நான் அதைத்தாங்க பார்ப்பேன். சொந்த வண்டியில, டிவிஎஸ் 50ல முன்னாடி வெச்சு எடுத்துட்டுப் போறவன், அன்னைக்கு ராத்திரியே வீடு வீடாப் போட்டுருவான். வாடகை ஆட்டோ வந்துச்சுன்னா எறக்குற எடத்துல எறக்கிட்டுப் போயிரும். எலெக்‌ஷன் முடிஞ்சு ஒரு வாரத்துல அதே கட்டு பிரிக்காம எடைக்கு வரும். நான் அடிச்ச நோட்டீஸ நானே பழைய பேப்பர் கடையில பார்த்திருக்கேன்."

அமெரிக்காவில் வந்தது வாடகை ஆட்டோதான். ப்ளூம்பெர்க்கிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். களப்பணியாளருக்கு மாதம் 6,000 டாலர், மூன்று வேளைச் சாப்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. மற்ற வேட்பாளர்கள் கொடுத்ததைவிட அது ரொம்ப அதிகம். நவம்பர் வரை வேலை உண்டு என்று சொல்லி எடுத்தவர்களை, அவர் விலகிய பிறகு அந்த மார்ச் மாதத்திலேயே அனுப்பத் தொடங்கினார்கள். சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தப் பட்டியலில் தொண்டர் என்று சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நன்கொடை வாங்காததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாருக்கும் கடமைப்பட்டவன் இல்லை என்று காட்டத்தான் அவர் வாங்கவில்லை. ஆனால் ஒருவருக்கு 20 டாலர் கொடுத்தவர், அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருக்காக வாதாடுவார். கொடுத்த காசு வீணாகக் கூடாதே. ப்ளூம்பெர்க்குக்காக அப்படி வாதாட ஓர் ஆள் உருவாகவில்லை.

ஆனால் அண்ணன் சொன்னதையே முழுக் காரணமாக வைத்துக்கொள்ளவும் முடியாது. சொந்த வண்டியில் வந்து எடுத்துப் போகிற தொண்டர்கள் சாண்டர்ஸிடம்தான் அதிகம். சின்னச் சின்ன நன்கொடையாகக் குவிந்த பணமும் அவரிடம்தான். அவரும் தோற்றார். இரண்டுமே குறைவாக இருந்த பைடன் ஜெயித்தார். ஒரு மாணவி இதைச் சுட்டியதும் அண்ணன் சிரித்துவிட்டு, "அப்ப காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்மா" என்றார்.

காற்றை அளந்தவர்கள்

காற்று என்று விட்டுவிட ஒரு பாடம் நடத்துகிறவரால் முடியாது. பணக்காரப் பிரசாரங்களே பெரும்பாலும் ஜெயிக்கின்றன என்பது பார்த்த மாத்திரத்தில் உண்மை. ஆனால் எது காரணம், எது விளைவு? ஜெயிக்கப் போகிறவர் என்று வாசனை அடித்தால் பணம் தானாக வந்து சேரும். எங்கள் ஊர் மண்டிக்காரர்களைக் கேளுங்கள்; இரண்டு பக்கமும் கொடுத்து வைப்பார்கள், எந்தப் பக்கம் கொஞ்சம் கூட என்பது மட்டும் கடைசி வாரத்தில் மாறும்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சிக்கலைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தேர்தல்களில் அதே இரண்டு பேர் மறுபடியும் மோதிய போட்டிகளை மட்டும் எடுத்தார். ஆள் மாறவில்லை, செலவு மட்டும் மாறியிருக்கிறது. செலவின் விளைவு மிகச் சிறியது என்று தெரிந்தது.

விளம்பரம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கும் சோதனை உண்டு. 2006 டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் ரிக் பெர்ரியின் பிரசாரமே ஆராய்ச்சியாளர்களை உள்ளே விட்டது. எந்த ஊரில் எப்போது டி.வி. விளம்பரம் ஓட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆதரவு நன்றாகவே ஏறியது. ஓரிரு வாரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. புதுக் கடை திறப்பு விழாத் தள்ளுபடிக்குக் கூடும் கூட்டம் மாதிரி. அடுத்த மாதம் எத்தனை பேர் படியேறுகிறார்கள் என்பதுதான் கடைக்காரருக்குக் கவலை.

2018இல் ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மேன் இருவரும் 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுத்தேர்தலில், இரண்டு கட்சியும் மோதும் நேரத்தில், விளம்பரமும் வீடு தேடிப் போய்ப் பேசுவதும் ஒருவர் மனதை மாற்றுவதில் ஏற்படுத்தும் சராசரி விளைவு பூஜ்ஜியம் என்றார்கள். கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் நிலைமை வேறு. அங்கே எல்லோரும் ஒரே கட்சி, யார் என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை, அதனால் பிரசாரத்துக்குப் பலன் உண்டு. ப்ளூம்பெர்க் 15 வரை ஏறியதும் இதோடு பொருந்துகிறது, மேலே போகாமல் நின்றதும் பொருந்துகிறது.

பொதுத்தேர்தலில்: ஹிலாரி, கமலா

கட்சிக்குள் தோற்றவரை மட்டும் வைத்துப் பேசினால் போதாது. 2016இல் ஹிலாரி கிளின்டன் தரப்பிடம் ட்ரம்ப் தரப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம். நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல் ஓட்டு அதிகம் வாங்கினார். ஆனால் அங்கே அதிபரை முடிவு செய்வது மொத்த ஓட்டு அல்ல, மாநிலம் மாநிலமாக ஜெயித்துச் சேர்க்கும் தேர்வாளர் ஓட்டு. மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 என்று மூன்று மாநிலங்களில் தவறவிட்ட ஓட்டு அவரை வீழ்த்தியது. வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்கு அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பென்சில்வேனியாவில் விழுந்து விழுந்து பிரசாரம் செய்தார், அங்கேயும் தோற்றார். 'போகாததால் தோற்றார்' என்பது கட்சிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட வசதியான காரணம். நான் அதற்குப் பெரிய மதிப்பெண் போட மாட்டேன்.

2024 இன்னும் தெளிவு. ஜூலை 21ஆம் தேதி பைடன் விலக, கமலா ஹாரிஸுக்கு 107 நாள் கிடைத்தது. முதல் 24 மணி நேரத்தில் 8 கோடி டாலர். மூன்றே மாதத்தில் 100 கோடியைத் தாண்டியது. ட்ரம்ப் பிரசாரத்தைவிட அதிகம். இழுபறி மாநிலங்கள் ஏழிலும் தோற்றார், தேர்வாளர் ஓட்டு ட்ரம்ப்புக்கு 312, அவருக்கு 226.

அம்மா வழியில் துளசேந்திரபுரத்துச் சொந்தம் என்பதால் எங்கள் ஊர் டீக்கடையில்கூட அந்தத் தேர்தலைப் பேசினார்கள். வகுப்பில் ஒரு மாணவன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: "விலைவாசி மேம். ஆட்சியில இருந்ததே அவங்கதானே." 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதம். பிறகு அது இறங்கியது. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது, ஏறும் வேகம்தான் குறையும். 2019க்கும் 2023க்கும் நடுவில் உணவுப் பொருள் விலை கால் பங்கு ஏறியிருந்தது. அது அப்படியே நின்றது. அக்டோபர் 8ஆம் தேதி ஒரு டி.வி. நிகழ்ச்சியில், பைடனிலிருந்து எதில் மாறுபட்டு நடந்திருப்பீர்கள் என்று கேட்டபோது, உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார் ஹாரிஸ். எதிர்த்தரப்பு அதையே எடுத்து விளம்பரமாகப் போட்டது. கேள்வி ஊர் முழுக்க ஒன்றாக இருக்கும்போது, பதில் இல்லாதவருடைய ஒவ்வொரு விளம்பரமும் அந்தக் கேள்வியைத்தான் ஞாபகப்படுத்தும்.

இதிலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் தரப்பு பணத்தைக் கொட்டிய இழுபறி மாநிலங்களில் ட்ரம்ப் பக்கம் சாய்ந்த அளவு, மற்ற மாநிலங்களைவிடக் குறைவு. பணம் சரிவைக் கொஞ்சம் தாங்கியிருக்கிறது. அந்தச் சரிவு பணம் தாங்கக்கூடியதைவிடப் பெரியது.

இலங்கையில் 2015 ஜனவரி 8 நடந்ததும் இதே வகை. அரசாங்க இயந்திரம் முழுக்கக் கையில் இருந்த மகிந்த ராஜபக்ச, பதவிக்காலம் இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே தேர்தலை வைத்தார். ஓர் இரவு அவரோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாளே எதிரணி வேட்பாளராக மாறிய அவருடைய அமைச்சர் மைத்திரிபால சிறிசேன, 62 லட்சம் ஓட்டு வாங்கி, ஏறக்குறைய நாலரை லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். வடக்கிலும் கிழக்கிலும் எந்த போஸ்டரும் மாற்ற முடியாத முடிவோடு ஜனங்கள் இருந்தார்கள்.

ஒரே தேர்தல், இரண்டு கேள்வி

"இதெல்லாம் அந்த ஊர். நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று யாராவது சொல்லாமல் வகுப்பு முடியாது. எனவே 2021 சட்டமன்றத் தேர்தலைப் போர்டில் எழுதுவேன். தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணிக்கு 234இல் 159. சேலம் மாவட்டத்தில் 11 தொகுதி. ஏற்காடு உட்பட 8 அ.தி.மு.க., 2 பா.ம.க., தி.மு.க.வுக்கு சேலம் வடக்கு மட்டும். எடப்பாடியில் பழனிசாமி ஜெயித்த வித்தியாசம் 93,802.

செலவு வரம்பு எல்லா வேட்பாளருக்கும் ஒன்று. மாநிலம் தழுவிய இரண்டு பெரிய கூட்டணியும் பணத்தில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. பிறகு எப்படி எங்கள் மாவட்டத்தில் மட்டும் முடிவு மாநில முடிவுக்குத் தலைகீழாக வருகிறது? மற்ற இடத்தில் கேள்வி, பத்து வருட ஆட்சி போதுமா என்பது. இங்கே கேள்வி, நம்ம மாவட்டத்துக்காரர் முதல்வராகத் தொடர வேண்டுமா என்பது. அதோடு பா.ம.க. கூட்டணி, தேர்தலுக்குச் சற்று முன்னால் பிப்ரவரியில் நிறைவேறிய வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. அந்தச் சட்டத்தைப் பிறகு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஓட்டுப் போட்ட நாளில் அது இருந்தது. மூன்று வருடம் கழித்து 2024 மக்களவைத் தேர்தலில் முதல்வர் யார் என்ற கேள்வியே இல்லை. சேலம் தொகுதி தி.மு.க.வுக்குப் போனது.

'ஓட்டுக்குக் காசு' விஷயத்தை மாணவர்கள் எழுப்பாமல் இருக்க மாட்டார்கள். பணம் பிடிபட்டதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே நிறுத்தி வைத்த மாநிலம் இது. இதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது: "ரெண்டு பேரும் குடுத்தா, ரெண்டு பேரும் குடுக்காத மாதிரிதாங்க. ஒருத்தன் மட்டும் குடுக்காம விட்டாத்தான் அவனுக்கு அடி." விளையாட்டுக் கோட்பாடு பாடத்தில் இரண்டு மணி நேரம் எடுத்து நான் நடத்துவதை நின்ற இடத்தில் முடித்துவிட்டார். வாக்காளர் அதை ஓட்டின் விலையாகப் பார்ப்பதில்லை. வரவேண்டிய ஒன்று வந்தது என்று வாங்கி வைத்துக்கொண்டு, போட வேண்டியவருக்குப் போடுகிறார்.

வீட்டுப்பாடம்: ஃபுளோரிடா

கடைசியாக நான் கொடுக்கும் கேள்விக்கு இதுவரை வகுப்பு ஒத்த பதில் தந்ததில்லை. 2020 செப்டம்பரில் ப்ளூம்பெர்க் மறுபடி வந்தார், இந்தத் தடவை வேட்பாளராக இல்லை. பைடனுக்காக ஃபுளோரிடா ஒரு மாநிலத்தில் மட்டும் 10 கோடி டாலர் செலவழிப்பதாக அறிவித்தார். நவம்பரில் பைடன் அதிபரானார். ஃபுளோரிடாவில் தோற்றார். 2016இல் ட்ரம்ப் அங்கே ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். இந்தத் தடவை அது மூன்றைத் தாண்டியது. மயாமி பக்கம் கியூபா, வெனிசுவேலா வழிவந்த குடும்பங்கள் பெரிய அளவில் ட்ரம்ப் பக்கம் போயிருந்தன. பைடன் கட்சி வந்தால் சோஷலிசம் வந்துவிடும் என்ற பேச்சு அங்கே அந்த வருடம் முழுக்க ஓடியது. ப்ளூம்பெர்க் பணம் வந்தது கடைசி ஏழு வாரத்தில்.

ஒரு பாதி, அதே தப்பை இரண்டாவது தடவை செய்தார் என்று எழுதுகிறது. இன்னொரு பாதி, அவர் தரப்பு சொன்ன நியாயத்தை எடுத்துக்கொள்கிறது: ஃபுளோரிடாவை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் பணத்தைப் பென்சில்வேனியா பக்கம் திருப்புங்கள் என்பதுதான் திட்டம், பென்சில்வேனியாவில் பைடன் ஜெயித்தாரே என்று. போன தடவை, சேகோ ஃபேக்டரி வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "எதிராளியையும் அங்க செலவு பண்ண வெச்சிருக்காரு மேம், அதுக்கு என்ன கணக்கு?" என்றான். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். பதில் சொல்லவில்லை.